இரணியன் கட்சி

ஒரு பேட்டியிலிருந்து எட்டு வரிகள் வெட்டப்பட்டதைப் பற்றியது இந்தக் கட்டுரை. வெட்டியவன் நான்.

1983இல் நாங்கள் நான்கு பேர் ஒரு காலாண்டிதழ் நடத்தினோம். நான்கு இதழ்களோடு அது நின்றுபோயிற்று. அதற்காக யாரும் அழவில்லை. மூன்றாவது இதழுக்கென்று, ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் இரணியன் வேஷம் கட்டும் கூத்து வாத்தியார் ஒருவரைப் பேட்டி கண்டோம். சென்னையிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்திருந்தார்கள். டேப் ரிக்கார்டர் அவர்களுடையது. கூத்து என்பது மண்ணிலிருந்து நேரே முளைத்தது, வேறெதன் காற்றும் படாதது என்ற நம்பிக்கையும் அவர்கள் கொண்டு வந்ததுதான் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்கும் அது இருந்தது. இந்தப் பக்கத்திலேயே பிறந்தவன் என்பதால் சற்று அதிகமாகவே இருந்தது.

ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, அரிதாரத்தைப் பாதி துடைத்தும் துடைக்காமலும் வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தூண் பிளந்து நரசிம்மம் வருகிற கட்டத்தைப் பற்றிக் கேட்டோம். "நரசிம்மரு வாரது விடியக்காலந்தான் தம்பி. ராத்திரி முச்சூடும் சனம் பாக்கறது என்னையத்தான்" என்றார். இதை நாங்கள் பெரிய எழுத்தில் போட்டோம். பிறகு, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்ற வழக்கமான கேள்வி. தன் குருவின் பேரைச் சொன்னார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு, "அப்பறம் நம்ம நாமக்கல் மனோகருங்க" என்றார்.

ஆர். எஸ். மனோகரைத்தான் சொன்னார். சேலத்தில் 'இலங்கேஸ்வரன்' நாடகம் போட்டபோது கடலைக்காய் லோடு ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு போய் இரண்டு தடவை பார்த்ததாகவும், இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு வெறுமனே கேட்டதாகவும் சொன்னார். "அந்த மனுசன் கத்தறதே இல்லீங்க தம்பி. அசுரன் கத்தோணும்னு ஒண்ணும் கிடையாதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது எனக்கு." இன்னும் சில வாக்கியங்கள். சென்னை நண்பரின் முகம் சுண்டிப்போனது நினைவிருக்கிறது. பேட்டியைப் படியெடுத்தபோது அந்த எட்டு வரிகளை நான் நீக்கினேன். இடம் போதவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அதே இதழில் சபா நாடகங்களைப் பற்றி நான் எழுதிய ஒரு குறிப்பில் மனோகரைத் 'தந்திரக் காட்சி வியாபாரி' என்று சொல்லியிருந்தேன். இடம் போதாமல் போனது அங்கேதான்.

இப்போது அந்த எட்டு வரிகளுக்கு உரை எழுத வேண்டியிருக்கிறது.

நாமக்கல்லைத் தெரியாதவர்களுக்கு: ஊரின் நடுவில் ஒரே பாறையாக ஒரு மலை. உச்சியில் கோட்டை. அடிவாரத்தில் இரு பக்கமும் குடைவரைகள். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதியர் குடைவித்தவை. நரசிம்மர் குடைவரைக்குள், மடியில் கிடத்திய இரணியனை நரசிம்மம் கிழிக்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பங்களில் இதற்கு நிகரான உக்கிரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. சிறு வயதில் அங்கே போகும்போதெல்லாம் என் பார்வை நரசிம்மத்திடம் நிற்காது. குப்புறவும் இல்லாமல் மல்லாக்கவும் இல்லாமல் அந்த மடியில் கிடக்கிறானே, அவன் பேரில்தான் போகும். ஆயிரத்து இருநூறு வருஷங்களாகச் செத்துக்கொண்டே இருக்கிறான்.

இந்தப் பாறையின் ஊரில் 1925இல் ஒரு குழந்தை பிறக்கிறது. ஊர்த் தெய்வத்தின் பெயரையே வைக்கிறார்கள்: லட்சுமி நரசிம்மன். அந்தக் குழந்தை வளர்ந்து, அப்பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகத்தில் ஏற்ற வேஷத்தின் பெயரைச் சூடிக்கொண்டு, ஐம்பது வருஷம் இரணியன் கட்சிக்காக வாதாடுகிறது. விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தற்செயல் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

நாடகங்களின் பெயர்களை மட்டும் பார்க்கலாம். இலங்கேஸ்வரன், சூரபத்மன், நரகாசுரன், இந்திரஜித், சிசுபாலன், சுக்ராச்சாரியார், துரோணர், மாலிக்காபூர். தோற்றவர்களின் வரிசை இது. தோற்றவர்கள் மட்டுமில்லை; புராணமோ சரித்திரமோ எவர்களுடைய வாயை அடைத்துத் தன் முடிவை எட்டியதோ, அவர்களின் வரிசை. 'சாணக்கிய சபதம்', 'காடக முத்தரையன்' போன்றவையும் உண்டு; அவை வேறு ரகம். ஆனால் தேசிய அளவிலோ தமிழ் அளவிலோ, இவ்வளவு பிடிவாதமாக ஒரே பக்கத்தில் நின்று ஒரு குழுவை நடத்திய நடிகர் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெயர் அகப்படவில்லை.

சினிமா வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியும். தபால் இலாகா உத்தியோகத்திலிருந்து வந்தவர். 1951இல் 'ராஜாம்பாள்', கதாநாயகன். 1952இல் 'தாய் உள்ளம்' என்ற படத்தில் மனோகர் நாயகன், ஜெமினி கணேசன் வில்லன். தமிழ் சினிமா அதன் பிறகு இருவருக்கும் இடத்தை மாற்றிப் போட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அவரை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது: 'வண்ணக்கிளி' (1959), 'கைதி கண்ணாயிரம்' (1960), பிறகு 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966). 'வண்ணக்கிளி'யின் முரடனை இந்தப் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் நேற்றுப் பார்த்தது போலச் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். படங்கள் தனி: 'ஆயிரத்தில் ஒருவன்' (1965), 'அடிமைப் பெண்' (1969), 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'இதயக்கனி' (1975). அவற்றில் அவர் வேலை ஒன்றுதான். திட்டம் போட வேண்டும், கண்ணை உருட்ட வேண்டும், கடைசி ரீலில் அடி வாங்க வேண்டும்.

சினிமா வில்லன் எதற்காக அடி வாங்குகிறானோ அந்தக் காரணத்தைச் சொல்ல அவனுக்கு நேரம் கொடுப்பதில்லை. கெட்டவன் என்பதே காரணம். அப்படி அடி வாங்கிச் சம்பாதித்த பணத்தை அந்த மனிதர் செட்டாகவும் சீலையாகவும் விளக்காகவும் மாற்றி, லாரிகளில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய், கெட்டவனுக்கு மூன்று மணி நேரம் பேச இடம் வாங்கிக் கொடுத்தார். 1954இல் தொடங்கிய நேஷனல் தியேட்டர்ஸ் என்ற அவர் குழுவின் கணக்கு வழக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அதன் தர்க்கம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வெள்ளித்திரையில் வாயடைக்கப்பட்டவன் மேடையில் வாய் திறந்தான். ஒரே ஆள், ஒரே வாரத்தில் கூட இருக்கலாம். 'இலங்கேஸ்வரன்' மட்டும் 1,800 தடவைக்கு மேல் நடந்தது என்பார்கள்.

நான் அதைப் பார்த்தது 1974 வாக்கில், சேலத்தில், ஒரு பொருட்காட்சிக் கொட்டகையில். என் தாய்மாமன் அழைத்துப் போனார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு சிற்றிதழ் இருந்தது என்பதையும், அதை மற்றவர் பார்க்கும்படி வைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கொட்டகை நிறைந்து, வெளியே மூங்கில் தட்டியில் கண் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம். காட்சிகள் கண் மூடித் திறப்பதற்குள் மாறின. இடி, மின்னல், புகை. முன் வரிசைக் குழந்தைகள் இருமின. மாமா ஒவ்வொரு தந்திரக் காட்சிக்கும் என் தொடையில் தட்டினார். எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலைத்தான் ஒன்பது வருஷம் கழித்து விமரிசனமாக எழுதினேன். விமரிசனம் என்று நாம் நினைத்துக்கொள்வதில் எவ்வளவு பங்கு இப்படிப்பட்ட பழைய தொடைத் தட்டல்களோ.

குரலைக் கேட்டேனா? கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் வாத்தியார் சொன்னவுடன் எனக்கு அது ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்ததுதான் வெட்டுவதற்கு இன்னொரு காரணம்.

அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூத்தில் ராஜ வேஷக்காரன் வெட்டவெளியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் படுத்துக் கிடக்கிறவனுக்கும் கேட்கும்படி பேச வேண்டும், பாட வேண்டும். நெஞ்சிலிருந்து எழுந்து மேலே போய் உடைகிற குரல் அது. கம்பெனி நாடகக் காலத்திலும் அப்படியே. கிட்டப்பாவின் தலைமுறை ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளை உச்ச ஸ்தாயியால் நிரப்பிற்று. பிறகு மைக் வந்தது. மேடைக்கு மேலே தொங்கும் மைக்குகளைத் தேடிப்போய் நின்று பேசுகிற ஒரு நடிப்பே சபாக்களில் உருவாயிற்று. பெரும்பாலோர் மைக் வந்த பிறகும் பழைய உயரத்திலேயே கத்தினார்கள், இரைச்சல் இரட்டிப்பானதுதான் மிச்சம். மனோகர் அந்தக் கருவியைப் புரிந்துகொண்டவர். அதைக் கொண்டு அசுரனைத் தாழ்ந்த குரலில் பேச வைத்தார்.

இது சின்ன விஷயமில்லை. அக்காலத்து வில்லன்களின் குரல்களை அடுக்கிப் பாருங்கள். பி. எஸ். வீரப்பாவிடம் சிரிப்பு, அந்தச் சிரிப்பு வந்தவுடனே பாத்திரம் முடிந்துவிடும், மேற்கொண்டு ஒன்றும் தேவையில்லை. நம்பியாரிடம் பிசையும் கைகளும் இழுத்த உதடும். அசோகன் சொற்களை மென்று நீட்டுவார். மூவருமே குரலுக்கு ஒரு கோணல் கொடுத்து, இவன் கெட்டவன் என்று முதல் வாக்கியத்திலேயே அடையாளம் ஒட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. சினிமா கேட்டது அதைத்தான். மனோகரின் மேடைக் குரலில் கோணல் கிடையாது. தெளிவான, கனமான, அவசரமில்லாத தமிழ். எதுகை மோனை வசனத்தைப் பேசும்போதும் எதுகையில் ஏறி நின்று கைதட்டலுக்குக் காத்திருக்க மாட்டார். அந்தச் சபலம் இல்லாமல் போகவில்லை, சில இடங்களில் நின்றதும் உண்டு. ஆனால் இராவணன் தன்னோடு பேசிக்கொள்கிற இடங்களில் குரல் கீழே இறங்கும். இறங்க இறங்கக் கொட்டகை முன்னால் சாயும். பத்துத் தலைக்காரன் ஒரு தலையால் மட்டும் யோசிக்கிறான் என்று தோன்றும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது தெரியும். கண்ணைத் திறந்தால் புகைதான் தெரியும். வாத்தியார் இரண்டாவது தடவை போனபோது கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு பேரில் விமரிசகன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் சிலர் கேட்கக்கூடும்: கூத்துக்கு என்ன, இராவணன் அங்கே எப்போதும் பெரிய வேஷம்தானே, மனோகர் புதிதாக என்ன செய்தார்? சரியான கேள்வி. கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து தன் பெருமையைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறவன் பெரும்பாலும் இரணியனோ துரியோதனனோதான். கட்டியக்காரன் கிண்டல் செய்வதும் அவனைத்தான். சனங்களுக்கு அவன் மேல் உரிமை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள்கூடத் தாமே நடித்த நாட்களில் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று அந்தப் பக்கத்து வேஷங்களையே ஏற்றவர். ஆக, மனோகர் கண்டுபிடித்தது எதுவுமில்லை. தன் ஊர்ப்பக்கத்து ராத்திரிகளில் இருந்த ஒன்றை அவர் ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிற, டிக்கெட் போட்ட, நாற்காலி போட்ட நகரத்துக்குக் கொண்டு போனார். அப்படிக் கொண்டு போகும்போது சிலதை வழியில் விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். இது இரங்கற்பா இல்லை.

முதலில், தந்திரக் காட்சிகள். கண்ணையா கம்பெனியிலிருந்து நவாப் ராஜமாணிக்கம் வரை வந்த ஒரு மரபு அது. மனோகர் அதன் கடைசிப் பெரிய வாரிசு. இதில் கேவலம் எதுவுமில்லை என்று இப்போது நினைக்கிறேன். மேடையில் ஆச்சரியம் கூடாது என்று சொல்ல நாம் யார். ஆனால் அவர் நாடகங்களில் ஆச்சரியம் மௌனத்தைத் தின்றுவிட்டது. குரல் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அங்கே ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால் தமிழ் மேடையின் பெரிய கணமாகியிருக்கும். ஒன்றும் நடக்காமல் விட மாட்டார். மின்னல் வெட்டும். தன் நடிப்பின் மேல் அவருக்கே இருந்த அவநம்பிக்கை அது என்று தோன்றுகிறது. அல்லது டிக்கெட் வாங்கியவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ.

இரண்டாவது இன்னும் தீவிரமானது. அவருடைய 'இலங்கேஸ்வர'னில் சீதை இராவணனின் மகள். அவர் கற்பித்த கதை இல்லை. சமண மரபின் உத்தரபுராணத்தில் இருக்கிறது, நாட்டுப்புறக் கதைகளில் இருக்கிறது. தகப்பன், சிவபக்தன், வீணை வித்தகன் என்று ஆகிவிட்டால் இராவணனிடம் கோபிக்க என்ன இருக்கிறது? அவனுடைய பாவத்தையே அவர் எடுத்துவிட்டார். கம்பனுடைய இராவணன் எதிரில் இதை நிறுத்திப் பார்த்தால் இழப்பு தெரியும். கம்பன் அவன் பெருமையில் ஒரு தூசியைக்கூடக் குறைக்கவில்லை, குற்றத்திலும் குறைக்கவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதுதான் அங்கே தாங்க முடியாமல் இருக்கிறது. யுத்த காண்டத்துக்கு நடுவே இரணியன் கதையை ஒரு முழுப் படலமாகக் கொண்டுவந்து வைத்ததும் அந்தத் தாங்க முடியாமைக்காகத்தான் என்பது என் எண்ணம். மனோகர் தன் கட்சிக்காரனைக் காப்பாற்றும் வக்கீலாகிவிட்டார். வக்கீல் குற்றத்தை மறுப்பான். நடிகன் மறுக்கக் கூடாது.

ஆனால் அந்தக் காலத்தையும் பார்க்க வேண்டும். காவிரிக்கு அந்தப் பக்கம், பெருந்துறையை அடுத்த ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. எம். ஆர். ராதா 1954இல் இராமாயணத்தை மேடையில் கவிழ்த்துப் போட்டார். அதே வருஷம் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இராவணன் பேரைச் சொல்வதே ஒரு கட்சியில் சேர்வதாக இருந்த நாட்கள். மனோகரின் இராவணன் அந்தக் கட்சியிலும் சேரவில்லை, எதிர்க்கட்சியிலும் சேரவில்லை. இராமனை ஒரு சொல் திட்டாமல் இராவணனைப் பேச வைத்தார். முன் வரிசையில் விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களும் பின் வரிசையில் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களும் ஒரே இடத்தில் கை தட்டினார்கள். இதை நான் 1983இல் 'கோழைத்தனமான சமரசம்' என்று எழுதினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இரணியன் வேஷம் கட்டுகிறவன் நரசிம்மருக்குச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் முகத்தில் அரிதாரம் பூசுகிறான். பிறகு விடியும்வரை அவரை வாயில் வந்தபடி ஏசுகிறான். அவனைச் சமரசவாதி என்று யாரும் சொல்வதில்லை. அந்த இரட்டை மனசின் நகரத்து வடிவம்தான் மனோகரிடம் இருந்தது. நகரத்துக்குப் போனதில் ஏசல் போய், கும்பிடு மட்டும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. குறை அங்கேதான், சமரசத்தில் இல்லை.

ஜெர்மனியில் ஒரு நடிகர் இருந்தார், குஸ்தாஃப் க்ரூண்ட்கென்ஸ் என்று. கதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்தில் வருகிற சைத்தான் மெபிஸ்டோதான் அவருடைய வாழ்நாள் வேஷம். 1932இல் பெர்லினில் ஆடினார், 1957இல் ஹாம்பர்க்கில் மறுபடி ஆடினார், 1960இல் அது படமாகவும் வந்தது. நாஜிகளின் காலத்தில் அரசு நாடக அரங்கின் தலைவராக இருந்தவர். சைத்தானாக நடித்தவன் நிஜச் சைத்தானிடம் சம்பளம் வாங்கினான் என்பதை வைத்து க்ளாஸ் மான் 1936இல் ஒரு நாவலே எழுதினார். அந்த நாவலை வெளியிடலாமா கூடாதா என்று மேற்கு ஜெர்மனியின் உச்ச மன்றம் வரை வழக்குப் போய், 1971இல் தடை உறுதியாயிற்று. அந்த நடிகரோடு மனோகரை ஒப்பிடவில்லை. வாழ்க்கையும் வேறு, தரமும் வேறு, குற்றமும் வேறு. ஒப்பிடுவது பார்வையாளர்களை. அங்கே ஒரு சைத்தான் வேஷத்துக்கு என்ன பொருள் என்று ஒரு சமூகமே அரை நூற்றாண்டு சண்டை போட்டது. இங்கே ஆயிரத்துச் சொச்சம் ராத்திரிகள் ஒருவர் இராவணனாக நின்றார்; அவர் எப்படி நின்றார், எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லை அழுத்தினார் என்று நம் சிற்றிதழ்களில் ஒரு பக்கம் நான் வாசித்ததில்லை. 'நாடகக் காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்தால் எழுத வேண்டியதில்லை.

எழுதியிருக்கக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது இன்னும் உறுத்துகிறது. 1968இல் சி. மணி சேலத்திலிருந்துதான் 'நடை' இதழைக் கொண்டுவந்தார். ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' அதில்தான் வந்தது. நவீன தமிழ் நாடகம் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் தொடக்கப் பிரதிகளில் ஒன்று, இதே சமவெளியில், இதே தறிச் சத்தத்துக்கு நடுவில் அச்சாயிற்று. 'இலங்கேஸ்வரன்' சுவரொட்டிகளும் இதே சுவர்களில் ஒட்டியிருந்தன. பின்னர் முத்துசாமி புரிசைக்குப் போனார், கண்ணப்பத் தம்பிரானைப் பார்த்தார், 1977இல் கூத்துப்பட்டறை உருவாயிற்று. அதனால் தமிழ் நாடகத்துக்குக் கிடைத்தது கொஞ்சமில்லை. என் தலைமுறைக்குக் கூத்தைப் பார்க்கும் கண்ணே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கண்ணை வாங்கிக்கொண்ட நாங்கள், கூடவே ஒரு சுத்தம் பார்க்கும் புத்தியையும் வளர்த்துக்கொண்டோம். கூத்து ஒரு பக்கம், நவீன நாடகம் மறுபக்கம். இடையில் இருந்த கம்பெனி, சபா, கொட்டகை எல்லாம் தீட்டு. கூத்துக்காரர்கள் அந்தத் தீட்டைப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர்கள் லாரியில் தொற்றிக்கொண்டு போய் எல்லாவற்றையும் பார்த்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

வாத்தியாருடைய எட்டு வரிகளில் அதுதான் இருந்தது. அசுரன் கத்த வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு ஊருக்குத் திரும்பியவர், பிரகலாதனிடம் இரணியன் கடைசித் தடவையாகக் கேட்கிற இடத்தில், எங்கே இருக்கிறான் உன் ஹரி என்று கேட்கிற இடத்தில், ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குரலை இறக்கிப் பேசிப் பார்த்தாராம். முதல் வருஷம் சனம் சத்தம் போட்டது, கேக்கல, கேக்கல என்று. அடுத்த வருஷம் அமைதியாக இருந்தது. "மகன்கிட்ட கேக்கறப்ப ஊருக்குக் கேக்கோணும்னு என்னங்க தம்பி இருக்குது" என்றார். இதையும்தான் வெட்டினேன். இரணியனை ஒரு தகப்பனாகப் பார்த்த வாக்கியம். மனோகர் இராவணனைத் தகப்பனாக்கி அவன் பாவத்தைக் கழுவினார் என்று மேலே எழுதினேன். அதே தகப்பன்மையை இந்த மனிதர் எடுத்துக்கொண்டு, பாவத்தைக் கழுவாமல், கொல்லத் துணிந்த தகப்பனின் தணிந்த குரலாக மாற்றிக்கொண்டார். கொட்டகையில் சறுக்கிய இடம் களரியில் நேராகி இருக்கிறது. ஒரு நடிகரின் வாழ்க்கைக்கு இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஒலிநாடா நண்பரிடம் இருந்தது, அவரிடமிருந்து எங்கோ போயிற்று. அந்த எட்டு வரிகளில் நான் மேலே கொடுத்தது என் ஞாபகம் மட்டுமே.

மனோகர் 2006 ஜனவரி 10 அன்று சென்னையில் காலமானார். செய்தித்தாள்கள் சினிமா வில்லன் படத்தைப் போட்டன. அப்போதும் நான் ஒன்றும் எழுதவில்லை.

வாத்தியாரும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் மகன் இப்போது இரணியன் கட்டுகிறார். மற்ற நாட்களில் கோழிப் பண்ணையில் வேலை. போன வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு அவர்கள் ஊரில் இரணியன் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். காலரில் மாட்டும் மைக், சினிமா மெட்டு, கோமாளியின் வாயில் செல்போன் நகைச்சுவை, எல்லாம் உண்டு. மூன்றரை மணி இருக்கும். பாதி சனம் தூங்கிவிட்டது. பிரகலாதனைத் தூணருகே நிறுத்திவைத்த இடத்தில் மகன் ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கை காட்டினார். இசை நின்றது. காலர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பையனாக வேஷம் கட்டியவன் காதருகே குனிந்து கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

விடிந்த பிறகு திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த இடத்தில் ஏன் குரலை இறக்கினீர்கள் என்று கேட்டேன்.

"அது அப்படித்தானுங்களே" என்றார். "அப்பன் அப்படித்தான் சொல்லுவாரு."